நகல் எடுக்கும் முன் கேட்டீர்களா?

(முன்னாள் மாணவர் சந்திப்பில், விலங்கியல் துறையின் பழைய மாணவர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"விஞ்ஞானம் பற்றி ஏதாவது பேசுங்க, ஆனா கிளாஸ் எடுத்துடாதீங்க" என்று சங்கச் செயலாளர் முன்கூட்டியே எச்சரித்துவிட்டார். ஆகவே ஒரு டி.வி. கதையோடு வந்திருக்கிறேன். கதையைவிட, அதைப் பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள், ஏன் கோபப்பட்டார்கள் என்பதுதான் என் பேச்சு. விஷயம் குளோனிங், அதாவது ஓர் உயிரிலிருந்து அதன் அச்சு அசலான நகலை உண்டாக்குவது.

அமெரிக்காவில் 'ஸ்டார் ட்ரெக்' என்று ஒரு விண்வெளித் தொடர் 1966-ல் ஆரம்பித்தது. 1980-களில் தூர்தர்ஷனிலும் வந்தது. கூர்மையான காதோடு ஸ்பாக் என்று ஒருவர் வருவாரே, அதேதான். அதன் வாரிசாக 'தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்' என்ற தொடர் 1987-ல் தொடங்கியது. அதில் 1989 மே 22 அன்று ஒளிபரப்பான ஒரு மணி நேரக் கதையின் பெயர் 'அப் த லாங் லேடர்'. எழுதியவர் மெலிண்டா ஸ்னாட்கிராஸ் என்ற பெண்மணி. எழுத்துக்கு வருவதற்கு முன் வழக்கறிஞராக இருந்தவர்.

கதைச் சுருக்கம் இது. பூமியிலிருந்து முன்னூறு வருஷத்துக்கு முன் ஒரு கப்பல் இரண்டு கூட்டத்தாரை ஏற்றிக்கொண்டு போயிருக்கிறது. ஒரு கூட்டம் ஆடுமாடு மேய்த்துக்கொண்டு ஒரு கிரகத்தில் குடியேறுகிறது. இன்னொரு கூட்டம் விஞ்ஞானிகள். அவர்கள் இறங்கும்போது கப்பல் உடைந்து, ஐந்தே பேர் பிழைக்கிறார்கள். ஐந்து பேரை வைத்து வம்சம் வளர்க்க முடியாது என்று, தங்களையே நகலெடுத்துக்கொண்டு தலைமுறை தலைமுறையாக வாழ்கிறார்கள். ஊர் முழுக்க ஐந்தே முகம்! நகலின் நகலின் நகல் என்று போய்ப் போய், கடைசியில் நகல் மங்க ஆரம்பிக்கிறது. ஜெராக்ஸ் காப்பியை மறுபடி மறுபடி ஜெராக்ஸ் எடுத்தால் எழுத்து மங்குமே, அதுபோல.

அங்கே போய்ச் சேர்கிறது நம் கதாநாயகர்களின் கப்பல். "உங்கள் உடம்பிலிருந்து கொஞ்சம் செல் கொடுங்கள், எங்கள் இனம் பிழைக்கும்" என்று ஊர்த்தலைவர் கேட்கிறார். ரைக்கர் என்ற அதிகாரி முடியாது என்கிறார். 'நான் ஒருவன்தான் இருக்கிறேன் என்பதில்தான் என் மதிப்பு' என்பது அவர் கட்சி. கப்பலில் மற்றவர்களும் சம்மதிக்கவில்லை. ஊர்க்காரர்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? ரைக்கரையும் டாக்டர் புலாஸ்கி என்ற பெண்மணியையும் மயக்கம் போடவைத்து, வயிற்றிலிருந்து செல்லைத் திருடிவிட்டார்கள். விஷயம் தெரிந்து இருவரும் திரும்பிப் போகிறார்கள். பெட்டிக்குள் அவர்களைப் போலவே இரண்டு உடம்புகள் வளர்ந்துகொண்டிருக்கின்றன. இன்னும் கண் திறக்கவில்லை. ரைக்கர் துப்பாக்கியை எடுத்துத் தன் நகலை அழிக்கிறார். டாக்டரைத் திரும்பிப் பார்க்கிறார். அவர் தலையசைக்கிறார். அந்த நகலும் போகிறது. ஊர்த்தலைவர் "கொலைகாரர்களே" என்று கத்துகிறார். "எங்கள் உடம்பின் மீது எங்களுக்குத்தான் உரிமை" என்பது இவர்கள் பதில்.

திரையில் இது இரண்டு நிமிஷம்கூட வராது. இந்தக் காட்சிக்காகத்தான் அத்தனை சண்டையும்.

கோபத்துக்குக் காரணம் வேறு இடத்தில்

சண்டை புரியவேண்டுமானால் அந்த வருஷத்து அமெரிக்காவை ஞாபகப்படுத்திக்கொள்ள வேண்டும். கருக்கலைப்பு பெண்ணின் உரிமை என்று அந்நாட்டு உச்சநீதிமன்றம் 1973-ல் தீர்ப்பளித்திருந்தது. 1989-ல் அது பறிபோய்விடுமோ என்ற பயம் வந்தது. அந்த ஏப்ரல் 9 அன்று வாஷிங்டனில் லட்சக்கணக்கான பேர் ஊர்வலம் போனார்கள். ஏப்ரல் 26 அன்று வெப்ஸ்டர் வழக்கில் வாதம் நடந்தது. ஜூலை 3 அன்று தீர்ப்பு வந்தது; உரிமையைச் சுருக்க மாநிலங்களுக்கு இடம் கொடுத்தது. வாதத்துக்கும் தீர்ப்புக்கும் நடுவில், மே 22 அன்று இந்தக் கதை ஒளிபரப்பாகிறது. நாடே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கும்போது, டி.வி.யில் ஓர் ஆணும் பெண்ணும் 'என் உடம்பு, என் உரிமை' என்று சொல்லி, வளர்ந்துகொண்டிருக்கும் இரண்டு உயிர்களை அழிக்கிறார்கள். சும்மா இருப்பார்களா?

கருக்கலைப்பை எதிர்ப்பவர்களிடமிருந்து பலத்த கண்டனம் வந்ததாக ஸ்னாட்கிராஸ் அம்மையாரே பேட்டியில் சொல்லியிருக்கிறார். அவர் மழுப்பவும் இல்லை. அது தன் சொந்தக் கருத்துதான், வேண்டுமென்றேதான் அந்த வசனத்தை வைத்தேன் என்று ஒப்புக்கொண்டார். அந்த 1973-ஆம் வருஷத் தீர்ப்பையே 2022 ஜூன் மாதத்தில் உச்சநீதிமன்றம் ரத்து செய்துவிட்டது. அதனால் இன்று அந்தக் கதையைப் பார்க்கிற அமெரிக்கருக்கும் அது பழங்கதை ஆகவில்லை.

இரண்டாவது கோபம் எதிர்த்திசையிலிருந்து வந்தது. கதையின் முடிவில், இரண்டு கூட்டத்தையும் ஒன்றாகக் குடியமர்த்துகிறார்கள். மரபணுக்கள் நன்றாகக் கலக்கவேண்டுமே. அதற்காக ஒவ்வொரு பெண்ணும் மூன்று ஆண்களிடம் பிள்ளை பெறவேண்டும் என்று யோசனை சொல்கிறார்கள். சொல்வது யார்? சற்றுமுன் என் உடம்பு என் உரிமை என்ற அதே டாக்டர் அம்மா! "அந்தப் பெண்களைக் கேட்டீங்களாம்மா?" என்று பார்த்தவர்கள் கேட்டதில் என்ன தப்பு? உரிமை கதாநாயகருக்கு மட்டும்தானா?

மூன்றாவது கோபம் அயர்லாந்துக்காரர்கள் சார்பில். ஆடுமாடு மேய்க்கும் கூட்டத்தை அயர்லாந்துச் சாயலில் காட்டியிருந்தார்கள். எப்போதும் குடி, சண்டை, அழுக்கு, கூட வைக்கோலும் கோழியும். அழுக்கென்று நாம் ஒதுக்குகிற வெளியூர்க்காரன்தான் நமக்குப் புது ரத்தம் கொண்டுவருவான் என்று, குடிவந்தவர்களுக்கு ஆதரவாகச் சொல்லத்தான் நினைத்தேன் என்பது ஸ்னாட்கிராஸின் விளக்கம். அவர்களை அயர்லாந்துக்காரர்களாக வைக்கலாம் என்று யோசனை சொன்னவர், அந்த வம்சத்திலேயே வந்த தயாரிப்பாளர் மாரிஸ் ஹர்லி. நோக்கம் நல்லதாக இருக்கலாம். பார்த்தவர்கள் கண்ணில் பட்டது கேலிச்சித்திரம்தான்.

நாலாவது எதிர்ப்பு எனக்கு மிகவும் பிடித்தது. அந்தத் தொடரில் டேட்டா என்று ஓர் இயந்திர மனிதன் உண்டு. அவனைப் பிரித்துப் பார்த்து, அதேபோல நிறையச் செய்யவேண்டும் என்று ஒரு விஞ்ஞானி கேட்கிறார். டேட்டா மறுக்கிறான். அவன் சொத்தா, ஆளா என்று விசாரணை நடக்கிறது. டேட்டாவுக்கு எதிராக வாதாடும் கட்டாயம் ரைக்கருக்கே வருகிறது. கடைசியில், வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பு. 'தி மெஷர் ஆஃப் எ மேன்' என்ற அந்தக் கதை 1989 பிப்ரவரி 13 அன்று வந்தது. எழுதியவர் யார்? அதே ஸ்னாட்கிராஸ்! பிப்ரவரியில் இயந்திரத்துக்குக் கிடைத்த மரியாதை, மே மாதத்தில் சதையும் ரத்தமுமான நகலுக்குக் கிடைக்கவில்லையே என்று கேட்டார்கள். நல்ல கேள்வி. ஆனால் ஒரு வித்தியாசம் உண்டு. டேட்டா நின்று பேசினான். நகல்கள் பேசவில்லை.

பேசத் தொடங்கிய நகல்

1993 ஜனவரியில் அதே உலகத்தைச் சேர்ந்த 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 'எ மேன் அலோன்' என்று ஒரு கதை வந்தது. ஒருவன் தன்னையே நகலெடுத்து, அந்த நகலைத் தானே கொன்று, பழியைக் காவல் அதிகாரி மீது போடுகிறான். கடைசியில் அந்த அதிகாரி அவனைக் கைது செய்கிறார். சொந்த நகலைக் கொன்றாலும் கொலை கொலைதான் என்று அங்கே முடிவு. ரசிகர்கள் விடுவார்களா? "அப்படின்னா ரைக்கர் மேல ஏன் கேஸ் இல்லை?" என்று இரண்டு கதையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாதாடினார்கள். இவன் கொன்ற நகல் எழுந்து நடமாடியது, ரைக்கர் அழித்தது கண்ணே திறக்காதது என்று ஒரு கட்சி. கோடு எங்கே போடுவது, யார் போடுவது என்று எதிர்க்கட்சி.

பிறகு 2003 நவம்பர் 19. 'என்டர்பிரைஸ்' தொடரில் 'சிமிலிட்யூட்' என்ற கதை. எழுதியவர் மேனி கோட்டோ. ட்ரிப் என்ற பொறியாளர் அடிபட்டு நினைவிழந்து கிடக்கிறார். அவர் மூளைக்கு மாற்றுத் திசு வேண்டும். டாக்டர் ஒரு வேற்றுக்கிரகப் புழுவை வைத்து ட்ரிப்பின் நகலை வளர்க்கிறார். அதன் ஆயுள் பதினைந்தே நாள். சிம் என்று பெயர் வைக்கிறார்கள். குழந்தையாகிறான், பையனாகிறான், வாலிபனாகிறான், எல்லாம் சில நாட்களில். திசு எடுத்தால் சிம் பிழைத்துக்கொள்வான் என்று முதலில் நினைக்கிறார்கள். அப்புறம்தான் தெரிகிறது, எடுத்தால் செத்துவிடுவான். சிம் 'நான் வாழ ஆசைப்படுகிறேன்' என்கிறான். கேப்டன் பிடிவாதமாக நிற்கிறார். சிம் தப்பி ஓடப் பார்த்து, கடைசியில் தானே மனம் மாறி உயிரைக் கொடுக்கிறான்.

1989-ன் கதையை அந்தத் தொடரின் நல்ல கதைகளில் ஒன்றாக யாரும் சொல்வதில்லை. 2003-ன் கதையையோ அதன் தொடரிலேயே சிறந்தவற்றில் ஒன்று என்று பலர் கொண்டாடினார்கள். கூடவே, கேப்டன் செய்தது அநியாயம் என்று கொதித்தவர்களும் உண்டு. என்ன வித்தியாசம்? சிம்முக்குப் பெயர் இருந்தது. பொம்மையை வைத்து விளையாடினான். ஒரு பெண்ணிடம் மனதைச் சொன்னான். பார்த்தவர்களுக்கு அவன் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டான்.

இரண்டு கேள்விகள்

இந்தச் சண்டைகளை எல்லாம் வரிசையாக வைத்துப் பார்த்தால், இரண்டே கேள்விகள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. ஒன்று: எடுக்கும் முன், யாரிடமிருந்து எடுத்தீர்களோ அவரைக் கேட்டீர்களா? இரண்டு: உண்டான பிறகு, உண்டானவரைக் கேட்டீர்களா?

1989-ன் ஆசிரியர் முதல் கேள்வியை மட்டும் கேட்டார். எதிர்த்தவர்கள் இரண்டாவதை மட்டும் கேட்டார்கள். ஆகவே ஒருவர் பேச்சு மற்றவர் காதில் ஏறவே இல்லை. 2003-ல் இரண்டாவது கேள்வி கதைக்குள்ளேயே வந்துவிட்டது. முதலாவது காணாமல் போய்விட்டது. யோசித்துப் பாருங்கள், ட்ரிப் மயக்கத்தில் கிடந்தார். 'உன் நகலை வளர்த்து உன்னைக் காப்பாற்றட்டுமா' என்று அவரை யாரும் கேட்கவில்லை. கதை போகிற வேகத்தில் அது நம் கண்ணிலேயே படுவதில்லை.

அறிவியல் என்ன சொல்கிறது?

செயலாளர் மன்னிக்கவேண்டும், இரண்டு நிமிஷம் கிளாஸ்.

'குளோன்' என்ற சொல் கிரேக்க மொழியில் சிறுகிளையைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. 1903-ல் ஹெர்பர்ட் வெப்பர் என்ற தாவர ஆராய்ச்சியாளர், பதியன் போட்டும் போத்து நட்டும் வளர்க்கிற செடிகளுக்கு அதைப் புழங்கினார். 1963-ல் ஓர் உரையில் மனிதரைப் பற்றிப் பேசும்போது அதைப் பயன்படுத்தியவர் ஜே.பி.எஸ். ஹால்டேன். கடைசிக் காலத்தில் இந்தியக் குடிமகனாகி, புவனேஸ்வரத்தில் வாழ்ந்து 1964-ல் மறைந்தவர்.

கல்யாணத்தில் 'வாழையடி வாழையாக வாழ்க' என்று வாழ்த்துகிறோம். வாழையின் பக்கக்கன்று தாயின் குளோன்தான். ஆக, குளோனிங் நமக்குக் கொல்லைப்புறத்துச் சமாசாரம். எல்லாம் ஒரே மாதிரி இருப்பதில் உள்ள ஆபத்தையும் வாழையே காட்டிவிட்டது. உலகச் சந்தையை ஆண்ட குரோ மிஷேல் என்ற ரகத்தை, 1950-களில் பனாமா வாடல் நோய் ஒரேயடியாகச் சாய்த்தது. ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும். நகல் மங்குகிறது என்று கதையில் சொன்னது கற்பனை. ஒரே மாதிரியான கூட்டம் நோய்க்குத் தாங்காது என்பது நிஜம்.

டாலி ஆட்டை உங்களுக்குத் தெரியும். 1996 ஜூலை 5 அன்று ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் நிறுவனத்தில் பிறந்தது. 277 முறை செல்களை இணைத்துப் பார்த்ததில் 29 கருக்கள் தேறின. பிறந்தது ஒன்றே ஒன்று. 2003 பிப்ரவரியில் இறந்தது. செய்தி 1997 பிப்ரவரியில் வெளியானது. அடுத்த வாரமே, மார்ச் 4 அன்று, மனிதக் குளோனிங்குக்கு அரசுப் பணம் கிடையாது என்று அமெரிக்க அதிபர் கிளின்டன் அறிவித்தார். 2005 மார்ச்சில் ஐ.நா. பொதுச்சபையில் மனிதக் குளோனிங்குக்கு எதிரான பிரகடனம் நிறைவேறியது. ஆதரவு 84, எதிர்ப்பு 34, நடுநிலை 37. டி.வி. பார்த்தவர்கள் பிரிந்ததுபோலவே நாடுகளும் பிரிந்தன. நம் நாட்டின் 2017-ஆம் ஆண்டு ஸ்டெம் செல் ஆராய்ச்சி வழிகாட்டு நெறிகளும் குளோனிங் மூலம் மனிதரைப் பிறப்பிப்பதைத் தடை செய்கின்றன.

இன்னொன்று. கதைகளில் நகல் முழு ஆளாக, பழைய ஞாபகங்களோடு எழுந்து வருகிறது. நிஜத்தில் குளோன் குழந்தையாகத்தான் பிறக்கும், தானாகத்தான் வளரும். ஒட்டிப் பிறந்ததுபோல் இருக்கும் இரட்டையரை நாம் ஓர் ஆளாகவா எண்ணுகிறோம்? 2001 டிசம்பரில் டெக்சாஸில் ஒரு பூனையைக் குளோன் செய்தார்கள். சி.சி. என்று பெயர். தாய்ப்பூனைக்கு மூன்று நிறம். குட்டிக்கு ஆரஞ்சு நிறமே வரவில்லை. எந்த எக்ஸ் குரோமோசோம் எந்தச் செல்லில் அடங்கிப் போகிறது என்பதைப் பொறுத்தது அது. விலங்கியல் மாணவர்கள் உங்கள் பேராசிரியரைக் கேளுங்கள். மரபணு ஒன்றாக இருந்தும் ரோமம்கூட ஒத்துப்போகவில்லை. அப்புறம் மனம் எங்கே ஒத்துப்போகும்? 'நான் ஒருவன்தான்' என்ற ரைக்கரின் பயம் இதனாலேயே பாதி கரைந்துவிடும். நகல் வந்தாலும் அவர் ஒருவர்தான். அதே காரணத்தால் அந்த நகலும் இன்னொருவர்தான்.

இன்றைய மாணவர்களுக்கு

மனிதரைக் குளோன் செய்கிற காலம் வரட்டும், அப்போது பார்க்கலாம் என்று இருந்துவிடாதீர்கள். முகத்தையும் குரலையும் கம்ப்யூட்டரில் நகலெடுப்பது இன்று சாதாரணமாகிவிட்டது. 2024 ஜனவரியில் 'லால் சலாம்' படத்தின் ஒரு பாட்டில், மறைந்த பாடகர்கள் பம்பா பாக்யா, ஷாகுல் ஹமீது இருவர் குரலையும் ஏ.ஆர். ரகுமான் செயற்கை நுண்ணறிவால் மீண்டும் ஒலிக்கவைத்தார். குடும்பத்தாரிடம் அனுமதி பெற்று, சன்மானமும் அனுப்பியதாகச் சொன்னார். கேட்டவர்களில் சிலர் கண்கலங்கினார்கள். சிலர் 'இது சரியா?' என்றார்கள். அனுமதி என்ற சொல் அங்கே முதலிலேயே வந்ததைக் கவனியுங்கள். ஆனால் பாடியவரைக் கேட்க முடியாதபோது குடும்பத்தார் சம்மதம் போதுமா என்பது திறந்தே கிடக்கிறது.

உங்களில் சிலர் ஆய்வுக்கூடத்துக்குப் போவீர்கள், சிலர் மருத்துவமனைக்கு, சிலர் கம்ப்யூட்டர் கம்பெனிக்கு, சிலர் நீதிமன்றத்துக்கு. ஒருவர் ரத்தத்தையோ, செல்லையோ, குரலையோ எடுக்கிற வேலை என்றாவது ஒருநாள் உங்கள் மேஜைக்கு வரும். இரண்டு கேள்வியையும் அன்று கேளுங்கள். வசதியான ஒன்றை மட்டும் கேட்டுவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். 1989-ல் அந்த ஊர்த்தலைவர் கெட்டவரில்லை. தன் இனம் அழியக்கூடாது என்று தவித்தவர். 2003-ன் கேப்டனும் கெட்டவரில்லை. நண்பனைக் காப்பாற்றப் பார்த்தவர். நல்ல காரியத்துக்காக என்று சொல்லும்போதுதான் கேட்பதற்கு மறந்துபோகும்.

மதியம் விருந்து இலையில் போட்டிருக்கிறார்களாம். இலைக்கு முன் உட்கார்ந்ததும் பக்கத்திலிருப்பவரிடம் ஒரு விஷயம் மட்டும் கேளுங்கள்: ரைக்கர் செய்தது சரியா? சாம்பார் ஊற்றுவதற்குள் சண்டை வந்துவிடும், பாருங்கள்.